ஹண்டிங்டன் நோய் தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரமாக வருமா?

கேள்வி: தாத்தாவுக்கு அறுபதைத் தாண்டித்தான் கை கால் தானாக ஆட ஆரம்பித்தது. அப்பாவுக்கு 44 வயதிலேயே வந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையில் ஹண்டிங்டன் என்று உறுதியானது. எனக்கு 28 வயது. எனக்கு இன்னும் முன்னாலேயே வருமா?

முதலில் ஒன்று. உங்களுக்கு இந்த நோய் வரும் என்று இதுவரை எதுவும் சொல்லவில்லை. மூளையின் நரம்பணுக்களை மெல்லக் கெடுக்கும் இந்த நோய்க்குக் காரணமான மரபணு அப்பாவிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, அதில் ஒன்றுதான் பழுதானது, எது உங்களுக்கு வந்தது என்பது சரிபாதி வாய்ப்பு. நீங்கள் அதைத் தாண்டி 'எப்போது' என்ற கவலைக்குப் போய்விட்டீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் ஆறு வருடம் ஒரு மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் இந்த எண்களை எண்ணும் வேலையில் இருந்தேன். நான்காவது குரோமோசோமில் இருக்கும் ஹண்டிங்டின் மரபணுவின் தொடக்கத்தில் சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அது 26 முறை வரை இருந்தால் இயல்பு. 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஆயுள் இருந்தால் நோய் வரும், 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். எண்ணிக்கை கூடக்கூட வயது முன்னால் வரும், 60ஐத் தாண்டினால் பெரும்பாலும் இருபது வயதுக்குள்ளேயே தெரிய ஆரம்பிக்கும்.

ஸ்ரீராமஜெயம் 108 எழுதியவர்களுக்குத் தெரியும், ஒரே சொல்லை எழுதிக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறி ஒன்றிரண்டு கூடிவிடும். டிஎன்ஏ நகலெடுக்கும்போதும், பழுது பார்க்கும்போதும் இதேதான் நடக்கிறது. நீளமாக இருக்கும் வரிசை இன்னும் சுலபமாகத் தவறும். அதிலும் விந்தணு உருவாகும்போது பெரிய தாவல் நடப்பது அதிகம், அதனால்தான் சிறு வயதிலேயே ஹண்டிங்டன் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது அப்பா வழியாக வந்திருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் கூடும் என்று அர்த்தமில்லை. பலருக்கு அப்பாவின் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும், சிலருக்குக் குறையவும் செய்யும்.

உங்கள் குடும்பம் கவனித்தது வெறும் பயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரம் வருகிறது என்று குடும்பங்களும் சில மருத்துவர்களும் நூறு வருடத்துக்கு முன்பே சொன்னார்கள். 1948ல் லயனல் பென்ரோஸ் என்ற பெரிய மரபியல் அறிஞர், தசை நோய் ஒன்றை வைத்து, இது நாம் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தால் வரும் மாயத்தோற்றம் என்று எழுதினார். நாற்பது வருடத்துக்கும் மேல் அதுவே பாடமாக இருந்தது. 1992ல் அதே தசை நோயின் மரபணுவில் ஓரிடம் தலைமுறைதோறும் நீளுவதைக் கண்ணால் பார்த்தார்கள், அடுத்த வருடமே ஹண்டிங்டன் மரபணுவும் கிடைத்தது. இத்தனை வருடம் அந்தக் குடும்பங்கள் சொன்னதை நம்பாமல் விட்டார்களே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனிதான். நீங்கள் பிறக்கும்போது வாங்கி வந்த எண் உடம்பிலும் அப்படியே நிற்பதில்லை. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளை வைத்து 2025ல் வந்த ஆய்வில், அசைவைக் கட்டுப்படுத்த உதவும் ஸ்ட்ரியேட்டம் என்ற மூளைப் பகுதியின் நரம்பணுக்களில் 40 சொச்சமாக இருந்த வரிசை பல பத்தாண்டுகளாக மெல்ல நீண்டு 80ஐத் தொட்டு, அப்புறம் வேகம் பிடித்து, 150ஐத் தாண்டிய பிறகுதான் அந்த நரம்பணு கெட ஆரம்பிக்கிறது என்று காட்டினார்கள். அதாவது பல வருடம் நரம்பணு நன்றாகவே இருக்கிறது. வரிசையை நீட்டுவதில் எம்எஸ்எச்3 போன்ற, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதங்களுக்குப் பங்கு உண்டு, எஃப்ஏஎன்1 என்ற இன்னொரு புரதம் அதைத் தடுக்கிறது. ஒரே எண் உள்ள இரண்டு பேருக்கு நோய் வரும் வயது பத்து இருபது வருடம் தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம், நீளுவதையே நிறுத்தும் மருந்துக்கு இப்போது முயற்சி நடப்பதும் இதனால்தான்.

ஆகவே பரிசோதனை செய்தாலும் 'இந்த வயதில் வரும்' என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. செய்துகொள்ளாமல் இருக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. வீட்டில் யார் வற்புறுத்தினாலும் மரபணு ஆலோசகர் ஒருவரிடம் பேசாமல் ரத்தம் கொடுக்காதீர்கள். இதற்கு அம்மாவின் தங்கையோ நண்பரோ, கூட வர ஒருவர் இருந்தால் நல்லது.

அப்பாவின் அறிக்கையில் இரண்டு எண் இருக்கும், பெரியதுதான் நாம் பேசும் எண். அதை இங்கே பொதுவில் போட வேண்டாம், அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் ஆலோசகரிடம் நேரில் காட்டுங்கள்.