மடிக்கணினியை இணைத்தால் மட்டும் 300பி ஆம்ப்ளிஃபயர் இரைகிறது

300பி என்ற வால்வில் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) கோளாறு இல்லை. புதிய 300பி ஜோடி வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். மடிக்கணினியைச் செருகினால் இரைச்சல், பிடுங்கினால் அமைதி என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அது எர்த் வளையம்தான், அதாவது இரு கருவிகளின் எர்த்தும் இரண்டு வழிகளில் இணைந்து, அந்தச் சுற்றில் ஓடும் சிறு மின்னோட்டம் இரைச்சலாகக் கேட்பது. உங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் சார்ஜர் ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்ச்சுவரிலும் செருகப்பட்டிருக்கின்றன. இரண்டின் எர்த்தும் சிக்னல் கம்பியின் உறை வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பாட்டை ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது என்று தெரியும். பிறகு இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள். அப்போதும் மிச்சமிருந்தால் சிக்னல் வழியில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கம்பித் தொடர்பைத் துண்டித்து ஒலிச் சிக்னலை மட்டும் கடத்தும் கருவி) ஒன்று போடுங்கள். மலிவானது பேஸ் ஒலியைத் தின்றுவிடும், நல்லதாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்குப் போட்டுக்காட்டும்போது ஹார்ன் ஸ்பீக்கர் வைக்கப்போகிறீர்கள். அதன் உணர்திறனுக்குச் சிறு இரைச்சலும் கூடம் முழுக்கக் கேட்கும்.

யார் சொன்னாலும் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். இரைச்சல் போய்விடும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு கம்பி நழுவினால் 230 வோல்ட் உலோகப் பெட்டியில் ஏறி நிற்கும். மூடியையும் திறக்காதீர்கள், அணைத்த பின்னும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.