இழைப்புளி பற்றிக் கேட்டவர்களுக்கு

மார்த்தாண்டத்தில் கதவு, ஜன்னல் வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி பற்றி வந்த இக்கேள்விகளுக்கு விடை தருகிறேன். பாறசாலைப் பக்கத்து நண்பர்கள் சிந்தேர் என்று எழுதியிருப்பதும் இதே கருவியைத்தான்.

குழித்துறையிலிருந்து: ஐயா, ஒரே ஒரு இழைப்புளிதான் வாங்க முடியும். மரத்தாலானதா, இரும்பாலானதா? எந்த அளவு?

இரும்பே வாங்குங்கள். மரக்கட்டையில் செய்தது எடை குறைந்தது, வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கட்டை ஊதி அடிப்பாகம் வளைந்துவிட்டால் அதையே முதலில் இழைக்க வேண்டியிருக்கும். ஸ்டான்லி நிறுவனம் வழக்கத்துக்குக் கொண்டுவந்த எண்களில் 4 ஏறத்தாழ பத்து அங்குல நீளமும், 5 பதினான்கு அங்குலமும், 7 இருபத்திரண்டு அங்குலமும் உடையவை. குட்டையானது பலகையின் பள்ளத்திலும் இறங்கி ஏறும். நீளமானது பள்ளத்தைத் தொடாமல் மேட்டை மட்டும் சீவுவதால் பலகை நேராகும். பலரும் 4ஐச் சொல்வார்கள். ஒன்றே ஒன்று என்றால் நான் 5ஐத்தான் சொல்வேன்.

தக்கலையிலிருந்து: அயனிப் (ஆஞ்சிலி மர) பலகையில் ஒரு பாதி கண்ணாடி போல வருகிறது, மறுபாதி பிய்ந்துகொண்டு வருகிறது. இழைப்புளியில் கோளாறா?

கோளாறு பெரும்பாலும் தள்ளும் திசையில்தான். பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். நார்க்கோடுகள் எந்தப் பக்கம் மேலேறுகின்றனவோ அந்தப் பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் பிளேடு ஆப்பு போல நாருக்கு அடியில் புகுந்து, வெட்டுவதற்கு முன்பே அதைப் பிளந்து தூக்கிவிடும். நார் பட்டைப் பட்டையாகத் திசை மாறி ஓடும் பலகையில் ஒரே திசை எங்கும் பொருந்தாது. அத்தகைய பலகைக்கு முதலில் பிளேடைத் தீட்டுங்கள்; பிறகு அதன் மேல் அமரும் தகட்டை முனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். சீவல் எழுந்தவுடனே அத்தகட்டில் முட்டி மடிவதால், முன்னே உள்ள நாரைத் தூக்கும் வலு அதற்கு இருக்காது. சீவலும் மெல்லியதாக இருக்கட்டும். இழைப்புளியைச் சாய்த்துப் பிடித்தால் சரியாகும் என்று சொல்வதை முழுமையாக நம்ப வேண்டாம். தள்ளுவது இலகுவாகும், ஆனால் வெட்டுக்கோணம் தாழ்வதால் எதிர்நாரில் பிய்வது கூடவும் செய்யும்.

செங்கோட்டையிலிருந்து: தேக்கில் அரை நாள்கூட கூர் நிற்பதில்லை. எத்தனை டிகிரியில் தீட்டுவது?

தேக்கின் உள்ளேயே சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். அது உங்கள் கைப்பிழை அன்று. சாணையில் 25 டிகிரிக்குப் பிடித்து, முனையை மட்டும் 30 டிகிரியில் தீட்டுங்கள். 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்), பின்புறத்தில் முனை நெடுகிலும் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை தீட்டி, பின்புறத்தைக் கல்லில் படிய வைத்துப் பிசிறை நீக்கி, 6000 எண் கல்லில் முடிக்கலாம். முனையை வெளிச்சத்தில் பிடிக்கும்போது வெள்ளைக் கோடு மின்னினால் இன்னும் மழுக்கம் போகவில்லை.

குளச்சலிலிருந்து: அண்ணா, எவ்வளவு துடைத்து வைத்தாலும் துருப்பிடிக்கிறது.

உப்புக்காற்று உள்ள ஊரில் துடைத்தால் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு அடிப்பாகத்திலும் பிளேடிலும் மெல்லப் பூசி, மரப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பாறசாலையிலிருந்து: நான்கு தள்ளு தள்ளினால் இழைப்புளியின் வாயில் (பிளேடு நீட்டும் பிளவில்) சீவல் அடைத்துக்கொள்கிறது.

மேல்தகட்டுக்கும் பிளேடுக்கும் இடையே சீவல் நுழைகிறது. இரண்டையும் திருகால் இறுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் தகட்டின் முனையைக் கல்லில் தேய்த்து, மயிரிழை இடைவெளியும் இல்லாதபடி பொருத்துங்கள்.