பையன் பார்டர்ல இருக்கான், எங்களுக்கு யாருங்க இருக்கா?

கடிதம்:

வணக்கம் தம்பி. நான் சொல்லச் சொல்ல என் பொண்ணு டைப் பண்றா. நாங்க குன்னூர் பக்கத்துல ஒரு ஊர்ல இருக்கோம், கொஞ்சம் தேயிலை இருக்கு, பறிச்சு ஃபேக்டரிக்கு போடறோம். பையன் ஆர்ட்டிலரில, அதான் பீரங்கிப் படைல சேந்து இப்ப வடக்க ஃபீல்டுல இருக்கான், எந்த இடம்னு சொல்லக்கூடாதாம். சில சமயம் பத்து பதினஞ்சு நாள் போனே வராது. 2025 மே மாசம் பாகிஸ்தான் கூட சண்டை நடந்தப்ப அவங்கப்பா டிவி முன்னாடியே உக்காந்திருந்தாரு, அப்ப இருந்து பிரஷர் ஏறி ஏறி இறங்குது, பேச்சும் கொறஞ்சு போச்சு. இதுக்கு நடுவுல பக்கத்து தோட்டக்காரங்க வழித்தகராறுல கேஸ் போட்டு பையன் பேருக்கும் சம்மன் வந்திருக்கு. ஊட்டிக்கு பஸ்ல போறப்பெல்லாம் வெலிங்டன் மிலிட்டரி கேட்டைப் பாத்துக்கிட்டேதான் போறோம், உள்ள போய் யார்கிட்ட என்ன கேக்கறதுன்னு தெரியல. அவனுக்கு கவர்மெண்ட் இருக்கு, எங்களுக்கு யாரு இருக்கா? விசாரிச்சு எழுதுங்க. பேர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கங்க அக்கா,

உங்க லெட்டரை வீட்டுல எல்லாரும் படிச்சோம். உங்க கேள்வி நியாயமான கேள்விங்க. டிரெய்னிங் முடிஞ்சு பசங்க உறுதிமொழி எடுக்கற கசம் பரேட் நடக்கற அன்னைக்கு அப்பா அம்மாவைக் கூப்பிட்டு கௌரவ பதக்னு ஒரு பதக்கம் குடுப்பாங்க, நீங்களும் அங்க போயிருந்தா வாங்கியிருப்பீங்க. அதோட வண்டி ஏறி ஊருக்கு வந்துட்டா அப்புறம் நம்ம வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பாக்கறதில்ல. பொண்டாட்டி புள்ளைங்கன்னு ஆனவங்களுக்காவது குவார்ட்டர்ஸ், வெல்ஃபேர் மீட்டிங், ஆர்மி ஸ்கூல்னு ஒரு வட்டம் இருக்கு, மலைல தேயிலை பறிச்சுக்கிட்டு இருக்கற அப்பா அம்மாவுக்கு அது கிடையாது. ஆனா ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாதுங்க. இருக்கறது நம்மளைத் தேடி வராது, நாமதான் போய் கேக்கணும், அதையும் அவசரம் வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கணும். நான் சொல்ல வர்றது முக்கியமா இதுதான்.

முதல்ல வெலிங்டன் விஷயம். நம்ம மலைல இருக்கறவங்க ஆர்மின்னா எல்லாம் வெலிங்டன்தான்னு நினைச்சுக்கறோம், அங்க இருக்கறது மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரும் ஆபீசர்ங்க படிக்கற ஸ்டாஃப் காலேஜும். பையன் மெட்ராஸ் ரெஜிமெண்டா இருந்தா அவன் சர்வீஸ் பேப்பரை வச்சிருக்கற ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் அங்கயே இருக்கும், உங்க பையன் ஆர்ட்டிலரி, அவன் பேப்பர் எல்லாம் நாசிக் ரோடு கேம்ப்ல இருக்கற ரெக்கார்ட்ஸ்லதான் இருக்கும். தகவல் தொடர்பு பாக்கற சிக்னல்ஸ்னா ஜபல்பூர், வண்டி மெஷின் ரிப்பேர் பாக்கற ஈஎம்ஈன்னா செகந்திராபாத். இது தெரியாம வெலிங்டன் கேட்டுல போய் நின்னு, அங்க இருக்கற சென்ட்ரி நம்ம ஆபீஸ் இது இல்லைன்னு சொன்னதும் மனசு ஒடிஞ்சு திரும்பி வந்தவங்களை எனக்குத் தெரியும். ஆனா வெலிங்டன்ல உங்களுக்கு ஆக வேண்டிய ஒண்ணு இருக்கு, அது மிலிட்டரி ஆஸ்பத்திரி. பையன் உங்களை டிபெண்டண்ட்னு காட்டி பார்ட் டூ ஆர்டர்ல, அதாவது அவன் சர்வீஸ் பதிவுல ஏத்தி கார்டு வாங்கிக் குடுத்துட்டா, அவன் எந்த ரெஜிமெண்டா இருந்தாலும் நீங்க ரெண்டு பேரும் அங்க பாத்துக்கலாம். இதுக்கு வருமான வரம்பு உண்டு, வருமானச் சான்று கேப்பாங்க, சொந்தமா பெரிய வருமானம் இல்லாத பெத்தவங்களுக்குத்தான் இது.

இதுல மாட்டிக்கறது எங்கன்னா பேருல. நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி போடுவோம், ஆர்மி ஃபார்ம்ல அதை விரிச்சு எழுதிடுவாங்க, அம்மா பேரு ஆதார்ல லட்சுமி, பையன் சேந்தப்ப குடுத்த சர்டிபிகேட்ல லெட்சுமி, ரேஷன் கார்டுல லக்ஷ்மி, பொறந்த தேதி வேற ஆளுக்கு ஒண்ணா இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு இங்கிலீஷ்ல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு, அதுக்காக கார்டு வராம எத்தனையோ மாசம் அலைஞ்சாங்க, பையன் லீவு முழுக்க அதுலயே போச்சு. அதனால இன்னைக்கே உங்க ஆதார், பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு மூணையும் போட்டோ எடுத்து பையனுக்கு அனுப்பி, அவன் ரெக்கார்டுல உங்க பேரு எப்படி இருக்குன்னு அவனை ஆபீஸ் கிளார்க்கிட்ட கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. வித்தியாசம் இருந்தா இப்பவே சரி பண்ணிடலாம்.

அடுத்து போன். போன் வரலைன்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க அக்கா. ஃபீல்டுல பல இடத்துல டவரே கிடையாது, சில நேரம் யூனிட்லயே போனை வாங்கி வச்சுடுவாங்க, படை இடம் மாறிப் போறப்ப பேசவே கூடாது. அப்படி ஏதாவது நடந்துட்டாலும் அது டிவியில வந்து உங்களுக்குத் தெரியணும்னு இல்ல, குடும்பத்துக்கு தகவல் சொல்றதுக்குன்னு ஆர்மில முறை இருக்கு, ஆர்மில இருந்தே வீட்டுக்கு சொல்லுவாங்க. 2025 மே 7-ல இருந்து 10 வரைக்கும் டிவில ஓடுனதுல எத்தனை பொய்னு அப்புறமா எல்லாருக்கும் தெரிஞ்சது, அதைப் பாத்து அண்ணன் உடம்பைக் கெடுத்துக்கிட்டதுதான் மிச்சம். எனக்கு அந்த சேனல்காரங்க மேல இன்னும் கோவம் போகல. காலைல ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி நியூஸ் பாக்கட்டும், போதும்.

எங்க ஊர்ப்பக்கம் ஒரு அம்மா போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஜன்னல் கம்பில ஒரு நூல் கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, அந்த ஒரு மூலைலதான் டவர் எடுக்கும், மழைக்காலத்துல கரண்ட் போய் டவரும் போயிட்டா அதுவும் கிடையாது. பையன் கூப்பிட்டு கூப்பிட்டுப் பாத்துட்டு அவன் பயந்துக்குவான், இங்க இவங்க பயந்துக்குவாங்க. அதனால பையன்கிட்ட உங்க நம்பர் மட்டும் இருந்தா பத்தாது, குன்னூர் டவுன்ல இருக்கற சொந்தக்காரங்க நம்பர், எப்பவும் டவர் கிடைக்கற ஒரு கடைக்காரர் நம்பர்னு ரெண்டு மூணு குடுத்து வைங்க. லெட்டரும் போடலாம், இன்னும் போகுதுங்க. நம்பர், ரேங்க், பேரு, யூனிட், கேர் ஆஃப் 56 ஏபிஓன்னு (ஏபிஓன்னா ஆர்மி போஸ்டாபீஸ்) எழுதி 9-ல ஆரம்பிக்கற ஆர்மி பின்கோடு போட்டா போதும், ஊர் பேரு எழுதக்கூடாது, நம்ம சாதாரண போஸ்டாபீஸ்லயே போடலாம். வர்க்கியும் கொஞ்சம் டீத்தூளும் பார்சல் கட்டி அனுப்புங்க, அவன் கூட இருக்கற பசங்களும் சாப்பிடுவாங்க.

நம்ம பக்கம் ஒரு அவசரம்னா என்ன பண்றது? முன்னாடி காலத்துல தந்தி குடுப்பாங்க, அதைக் காட்டி பையன் லீவு வாங்கிட்டு வருவான், தந்தி 2013-லயே நின்னு போச்சு. இப்ப யூனிட்டுக்கு போன்தான். பையன் லீவுல வந்ததும் ஒரு பேப்பர்ல அவனே கைப்பட இதை எழுதித் தரணும்: அவன் ஆர்மி நம்பர், யூனிட், எந்த பேட்டரி (யூனிட்டுக்குள்ள அவன் இருக்கற பிரிவு), யூனிட் போன் நம்பர், சீனியர் ஜேசிஓ சாப் (சுபேதார் மாதிரி மேலதிகாரி) நம்பர், ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் அட்ரஸ். அந்தப் பேப்பர் பீரோல ஒண்ணு, பொண்ணுகிட்ட ஒண்ணு இருக்கட்டும், வாட்ஸப்ல எங்கயும் சுத்த விடாதீங்க. இன்னொண்ணு, அந்தப் பக்கம் போன் எடுக்கறவர் இந்தில பேசுவாரு, நமக்கு அந்த பதட்டத்துல தமிழே வராது. அதனால உங்க ஊர்லயோ பக்கத்து ஹட்டிலயோ (படுகர் ஊர்லயோ) இருக்கற ரிட்டையர்டு சுபேதாரோ ஹவில்தாரோ ஒருத்தரை இப்பவே போய்ப் பாத்து பழக்கம் வச்சுக்கங்க. நீலகிரில அப்படி ஆள் இல்லாத ஊரே கொறைச்சல், அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும், யூனிட்ல எப்படிப் பேசணும் யார்கிட்ட பேசணும்னு அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. பையன் கூட டிரெய்னிங் முடிச்ச தமிழ்ப் பசங்க வீட்டு நம்பரும் வாங்கி வைங்க. ஒரு பையன் போன் பண்ணினா அவங்கம்மா மத்த நாலு அம்மாவுக்கும் சொல்லிடுவாங்க, இது மாதிரி தைரியம் எந்த ஆபீஸும் குடுக்காதுங்க.

யாராவது போன் பண்ணி, ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறோம் உங்க பையன் எங்க இருக்கான் எப்ப லீவுல வர்றான்னு கேட்டாலோ, பையனுக்கு ஆக்சிடெண்ட் உடனே பணம் போடுங்கன்னு சொன்னாலோ ஒரு வார்த்தை பேசாம வச்சுடுங்க. உண்மையா பொய்யான்னு அந்தப் பேப்பர்ல இருக்கற நம்பருக்கு நீங்களே போட்டு கேட்டுக்கலாம்.

இப்ப கேஸ் விஷயம். சம்மனைத் தூக்கி ஓரமா மட்டும் வச்சுடாதீங்க. ஆக்டிவ் சர்வீஸ்ல இருக்கறவன் கோர்ட்டுக்கு வர முடியாதுன்னு, அவன் இல்லாதப்ப ஒருதலைப்பட்சமா தீர்ப்பு ஆயிடக்கூடாதுன்னு 1925-லயே படைவீரர் வழக்குகளுக்காக ஒரு சட்டம் இருக்கு, இப்பவும் நடப்புல இருக்கு. பையன் அவன் யூனிட் தலைமை அதிகாரி சிஓகிட்ட சொல்லி, இந்த மாதிரி டியூட்டில இருக்கான் வர முடியாதுன்னு சர்டிபிகேட் வாங்கி கோர்ட்டுக்கு அனுப்பினா அவன் சம்பந்தப்பட்ட வரைக்கும் கேஸை தள்ளி வைக்க வழி இருக்கு. பல வக்கீலுக்கே இது சட்டுனு ஞாபகம் வராது, நீங்கதான் எடுத்துச் சொல்லணும். உங்க பேர்லயும் அண்ணன் பேர்லயும் வந்திருந்தா அதுக்கு நீங்க போயே ஆகணும். வக்கீலுக்கு காசு இல்லைன்னா ஊட்டில மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 2025 ஜூலைல தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவான நல்சா ஆரம்பிச்ச வீர் பரிவார் சகாயதா திட்டமே படைவீரர் குடும்பத்துக்கு இலவசமா சட்ட உதவி பண்றதுக்குத்தான். அடுத்த லீவுல வர்றப்ப நிலம் சம்பந்தமா அப்பா பேருக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துட்டு போகச் சொல்லுங்க.

ஊட்டில முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு. பேரைப் பாத்துட்டு இது ரிட்டையர் ஆனவங்களுக்குத்தான்னு நம்ம ஆளுங்க போறதே இல்ல, இப்ப சர்வீஸ்ல இருக்கறவங்க குடும்பத்துக்கும் அதுதான் ஆபீஸ். ஒரே பையனையோ ஒண்ணுக்கு மேல புள்ளைங்களையோ படைக்கு அனுப்பின பெத்தவங்களுக்கு தமிழ்நாடு அரசு போர்ப்பணி ஊக்க மானியம்னு ஒண்ணு குடுக்குது. உங்களுக்கு அவன் ஒரே பையனா இருந்தா அதைக் கண்டிப்பா கேளுங்க, என்னென்ன பேப்பர் வேணும்னு அங்கயே சொல்லுவாங்க. கலெக்டர் ஆபீஸ்ல படைவீரர் குடும்பத்துக்குன்னே தனியா குறைதீர் கூட்டம் நடக்கும், வழித்தகராறை அங்க மனுவா எழுதிக் குடுங்க, பட்டா சர்வே ஆளுங்ககிட்ட அந்த மனு போய்ச் சேரும்.

அண்ணனைப் பத்தித்தான் எனக்கு கவலையா இருக்கு. அம்மாக்கள் அழுதாவது தீத்துக்கறாங்க, அப்பாக்கள் தோட்டத்துக்குப் போய் கவாத்து கத்தியை வச்சுக்கிட்டு பேசாம நிக்கறாங்க. பிரஷர் மாத்திரை விடவே கூடாது, மிலிட்டரி ஆஸ்பத்திரி கார்டு வர்ற வரைக்கும் குன்னூர் லாலி ஆஸ்பத்திரில பாருங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேரைக் குடுத்தா வீட்டுக்கே வந்து மாத்திரை குடுப்பாங்க. தூக்கம் வரலைன்னா, நெஞ்சு படபடன்னு இருந்தா 14416-க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ், ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அவரு பேச மாட்டேன்னா முதல்ல நீங்க பேசுங்க, எங்க வீட்டுக்காரரு இப்படி இருக்காருன்னு நீங்க சொன்னாலும் கேப்பாங்க. பையன்கிட்டயும் மறைக்காதீங்க. பயந்துக்குவான்னு நினைச்சு எல்லாத்தையும் நல்லாருக்கோம் நல்லாருக்கோம்னு சொல்லிட்டு, பின்னாடி அவனுக்கு வேற யாரோ சொல்லித் தெரியறது அவனுக்கு இன்னும் கஷ்டம். அப்பாவுக்கு பிரஷர் இருக்கு, மாத்திரை சாப்பிடறாரு, நான் பாத்துக்கறேன்னு உள்ளதை சொல்லுங்க, அவன் அக்னிவீரா இல்லாம ரெகுலர் சிப்பாயா இருந்தா வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு, எதை எப்ப எடுக்கறதுன்னு யோசிக்க அது உதவும்.

பையனுக்கு பொண்ணு பாக்கறதா இருந்தா அதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ், பிஎஃப் நாமினேஷன் பத்தியும் வாய்விட்டுப் பேசிடுங்க. இப்ப உங்க பேரு இருக்கும், கல்யாணத்துக்கு அப்புறம் மாத்துவாங்க, யாருக்கு எவ்வளவுன்னு மூணு பேரும் உக்காந்து முடிவு பண்ணினா வர்ற பொண்ணுக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வராது. இதைப் பேசறது அபசகுனம்னு நினைக்காதீங்க, ஆர்மில இது எல்லாருமே ஃபில் பண்ற ஃபார்ம்தான்.

முதல்ல ஊட்டில இருக்கற அந்த முன்னாள் படைவீரர் நல ஆபீஸுக்குப் போங்க, போறப்ப அவன் சர்வீஸ்ல இருக்கான்னு யூனிட் தர்ற சர்வீஸ் சர்டிபிகேட் இருந்தா கையோட கொண்டு போங்க, சர்டிபிகேட் இல்லைன்னா யூனிட்ல வாங்கி அனுப்பச் சொல்லிட்டு அப்புறம் போங்க. மனு எழுதறதுக்கோ கூட வர்றதுக்கோ ஆள் வேணும்னா எனக்கு மெயில் போடுங்க, நானே வரேன். இதைப் படிக்கற மத்தவங்க யாராவது நீலகிரில புள்ளையை படைக்கு அனுப்பிட்டு இருக்கற அப்பா அம்மாவா இருந்தா நீங்களும் எழுதுங்க, இந்த அக்காகிட்ட கேட்டுட்டு ரெண்டு பக்கத்தையும் சேத்து விடறேன்.