பொடி விதையும் உப்புத் தண்ணீரும்: கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம் உச்சிப்புளியில் பல வருடமாக வீட்டுத் தோட்டம் போடுகிறேன். கீரை, துளசி, கேரட் மாதிரி விரலில் நிற்காத பொடி விதைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ‘எப்படித் தூவுவது?’ மீதி ‘தூவினேனே, ஏன் வரவில்லை?’ உப்புத் தண்ணீர் ஊறும் நம் கரையில் இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

தங்கச்சிமடத்திலிருந்து: அக்கா, அரைக்கீரை தூவினால் தொட்டியின் ஒரு மூலை புல்தரை மாதிரி வருகிறது, மறு மூலை மொட்டை. கையை எப்படி ஆட்ட வேண்டும்?

கையில் குறை இல்லை, விதைதான் அதிகம். கீரைக்கு வேளாண் பரிந்துரை எக்டேருக்கு 2.5 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிராம், அதாவது ஒரு சிட்டிகை. நாமோ பாக்கெட்டைக் கிழித்து முழுவதையும் ஒரே தொட்டியில் கொட்டிவிடுகிறோம்.

அந்த ஒரு சிட்டிகையைத் தனியாகச் சமமாகத் தூவ யாராலும் முடியாது. ஒரு டம்ளர் காய்ந்த மணலில் கலந்துகொள்ளுங்கள். அதை இரண்டு பங்காக்கி, ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் தூவுங்கள். மணல் வெளுப்பாக இருந்தால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று கண்ணுக்கே தெரியும். ஈர மணல் மட்டும் ஆகாது, விதையோடு சேர்ந்து கட்டிக்கொள்ளும்.

கடல் மணல் கூடவே கூடாது. முதல் வருடம் கடற்கரையிலிருந்து ஒரு பை அள்ளி வந்தேன். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் ஒரு விதை எட்டிப் பார்க்கவில்லை. விதை விற்றவரை ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் சலித்த காய்ந்த மண்புழு உரம் போதும்.

மண்டபத்திலிருந்து: மொட்டை மாடியில் ஆனி, ஆடிக் காற்றில் விதை பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. என்ன செய்ய?

கச்சான் (மேல்காற்று) வீசும் நாளில் கையை உயர்த்தித் தூவினால் அப்படித்தான் ஆகும். காலியான முகப்பவுடர் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, மணலும் விதையும் கலந்து போட்டு, மண்ணுக்கு நாலு விரல் உயரத்தில் வைத்துத் தட்டுங்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் பாதியை டேப்பால் மூடிவிடலாம். மண்ணை முன்கூட்டியே நனைத்து வையுங்கள், விழுந்த விதை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றை மேலே போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

கீழக்கரையிலிருந்து: மருதாணி கோனில் விதை போடலாம் என்று எங்கள் லாத்தா (அக்கா) சொல்கிறார். கிண்டலா, நிஜமா?

நிஜம்தான். எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். கோன் பிடித்துப் பழகிய கை என்றால் என்னைவிட நன்றாகவே போடும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்) கரைத்து, அடுப்பில் கிண்டிக் கூழாக்குங்கள். உப்பு சேர்க்கக் கூடாது. நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு விதையைப் போட்டால் வெந்துவிடும். விதையைப் போட்டதும் அடியில் இறங்காமல் கூழுக்குள் தொங்கி நிற்க வேண்டும், அதுதான் பதம். இறங்கினால் கூழ் தண்ணீராக இருக்கிறது என்று அர்த்தம். மெதுவாகக் கலக்கி, கழுவிய பால் பாக்கெட்டில் ஊற்றி, நுனியைத் துளி வெட்டுங்கள். விரலால் மண்ணில் கோடு கிழித்து அதன் மேல் பிழிந்துகொண்டே போக வேண்டியதுதான். மேலே மெல்லிசாக மண் தூவி மூடுங்கள்.

இன்னொரு படி மேலே போகலாம். விதையை ஈரத்துணியில் கட்டி வைத்து, முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்போது கூழில் கலந்தால் வராத விதைக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. முளை அரை சென்டிமீட்டருக்கு மேல் வளர விடாதீர்கள், பிழியும்போது ஒடியும். கலந்த அன்றே விதைத்துவிடுங்கள். கோடு காயவும் கூடாது. காய்ந்தால் கூழ் ஓடு மாதிரி இறுகி, முளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பாம்பனிலிருந்து: விதை அலையக் கூடாது என்று தொட்டியைத் தட்டில் வைத்து அடியிலிருந்து தண்ணீர் கொடுக்கிறேன். மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறது, முளை கருகுகிறது. பூஞ்சையா?

பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை. பொடி மாதிரி உதிர்ந்தால் உப்பு. உங்கள் ஊர் என்பதால் உப்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

அடியில் தண்ணீர் விடுவது பொடி விதைக்கு நல்ல முறைதான், ஆனால் நல்ல தண்ணீர் உள்ள ஊருக்கு. தண்ணீர் மண் வழியாக மேலேறி ஆவியாகும், உப்பு மட்டும் மேல் மண்ணில் தங்கிவிடும். நம் விதையும் அங்கேதானே கிடக்கிறது! வளர்ந்த கத்தரி ஓரளவு தாங்கும் உப்பை முளைக்கிற விதை தாங்காது. அதனால் முதல் 10, 15 நாளைக்காவது மழைத் தண்ணீரோ, குடிக்கிற ஊற்றுத் தண்ணீரோ, காவிரித் தண்ணீரோ கொடுங்கள். ஒரு நாற்றுத் தட்டுக்கு நாளைக்கு ஒரு செம்பு போதும். குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் இதுவும் செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஏசி ஓடும் வீட்டில் அதிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் நேர்மாறு, உப்பைச் சேர்த்துத் தள்ளுவது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கியிருந்தால் அதிலும் உப்பு இருக்கலாம். ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே நிரப்புங்கள்.

ஏர்வாடியிலிருந்து: துளசி விதைக்கு எவ்வளவு ஆழம்?

ஆழமே வேண்டாம். மண் மேல் தூவி உள்ளங்கையால் அழுத்தினால் போதும். மற்ற விதைகளுக்கு அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு மண் மூடலாம்.

தொண்டியிலிருந்து: பிள்ளைகள் கேரட் வேண்டும் என்கிறார்கள். நெருக்கமாக வந்ததைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியும் சேர்ந்து வருகிறது.

கேரட்டைப் பிடுங்கி நடவும் முடியாது, கிழங்கு கோணிப்போகும். அதனால் முதலிலேயே இடைவெளி வேண்டும். டிஷ்யூ பேப்பரை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டி, 5 சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டு மைதாப் பசை வையுங்கள். ஈர்க்குச்சி நுனியை நாக்கில் தொட்டு (யாரும் பார்க்காதபோது) விதையைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். பொட்டுக்கு இரண்டு விதை. நிழலில் காயவைத்துச் சுருட்டி வைத்தால் கார்த்திகை, மார்கழிக் குளிரில் அப்படியே மண்ணில் விரித்து மூடிவிடலாம். சீரியல் பார்த்துக்கொண்டே செய்யும் வேலை. முளைக்க இரண்டு வாரம் வரை ஆகும், அதுவரை ஈரம் காயக் கூடாது. கேரட் உப்புக்கு ரொம்பப் பயப்படும் பயிர், மழைத் தண்ணீர் சேர்த்து வைக்க முடிந்தவர்கள் மட்டும் போடுங்கள்.

பட்டுரோஸ் விதை தூசி மாதிரி இருக்கிறதே?

விதையை விடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிள்ளு கேட்டு மண்ணில் குத்துங்கள்.

சாயல்குடியிலிருந்து: முண்டு மிளகாய்க்கும் மணல் கலக்கணுமா?

2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மிளகாய்க்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. அந்த விதை கைக்கு அடங்கும், குழிக்கு ஒன்றாக எடுத்து வைக்கலாம்.

தேவிபட்டினத்திலிருந்து: எறும்பு கீரை விதையை வரிசையாகத் தூக்கிப் போகிறது.

அகலத் தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் செங்கல், அதன் மேல் தொட்டி. தரைப் பாத்தி என்றால் சுற்றிலும் அரிசி நொய் தூவுங்கள், எறும்பு முதலில் அதைத் தூக்கும். அதற்குள் விதை முளைத்துவிடும் என்று நம்ப வேண்டியதுதான்.

ராமேஸ்வரத்திலிருந்து: மிச்ச விதை கடல் காற்றில் நமத்துப் போகிறது. எப்படி வைப்பது?

ஒரு கைப்பிடி அரிசியை வறுத்து, முழுக்க ஆறவிட்டு, பாட்டிலின் அடியில் போடுங்கள். மேலே விதைப் பொட்டலங்கள், இறுக்கமான மூடி. வறுத்த அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுங்கள். பொட்டலத்தில் பெயரும் மாதமும் எழுத மறக்காதீர்கள். என்னிடம் பெயர் எழுதாத மூன்று பொட்டலம் இருக்கிறது. மூன்றும் கறுப்பு, மூன்றும் மினுமினுப்பு. தண்டுக்கீரையா, சிறுகீரையா, அரைக்கீரையா என்று விதைத்தால்தான் தெரியும்.