தொப்பி மறைத்த கண்கள்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்கர் படங்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். ‘காஸாபிளாங்கா’ பிடித்தது. ‘மிஸஸ் மினிவர்’ வெறும் போர்ப் பிரச்சாரமாகத் தெரிந்ததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். அப்பா தம் நோட்டில் இப்படங்களுக்கு நட்சத்திரங்கள் போட்டு வைத்திருக்கிறார். எனக்குப் பாதிகூடத் தேறவில்லை. இன்று மறுமதிப்பீடு செய்தால் இவற்றில் எவை நிற்கும்?

க.

அன்புள்ள க.,

அப்பாவின் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிய படத்தைப் பற்றி மட்டும் தயவுசெய்து அபிப்பிராயம் சொல்லாதீர்கள். ‘மிஸஸ் மினிவர்’ பிரச்சாரப் படம்தான். குண்டு வீச்சில் கூரை பிளந்த தேவாலயத்தில் பாதிரியார் ஆற்றும் உரையைத் துண்டறிக்கையாக அச்சிட அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் விரும்பினார் என்றால், அதை மறைக்க யாரும் முயலவில்லை என்றுதானே பொருள்? ‘காஸாபிளாங்கா’ எல்லோருக்கும் பிடிக்கும், விட்டுவிடுவோம். எவை நிற்கும் என்ற கேள்வியே எனக்கு உவப்பானதன்று. படங்கள் என்ன, ஓட்டப் பந்தயக் குதிரைகளா?

இதையே சில வாரங்களாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம், நீங்கள் குறிப்பிடாத ஒரு படம். வில்லியம் வெல்மன் இயக்கிய ‘தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்’, 1943ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான பத்துப் பரிந்துரைகளில் ஒன்று. வேறு எந்தப் பிரிவிலும் பரிந்துரை இல்லை, விருதும் இல்லை, வசூலும் இல்லை. இருபத்தாறு வயதில், ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்துவிட்டு, ‘அட்டை மரங்களுக்கு நடுவே ஒரு மேடை நாடகம்’ என்று ஒரு சிற்றிதழில் எழுதினேன். அந்த வரியில் எனக்கு அப்போது இருந்த பெருமிதத்தை நினைத்தால் இன்று உடல் கூசுகிறது.

கதை 1885இல் அமெரிக்காவின் நெவாடாவில் நடக்கிறது. பண்ணைக்காரர் ஒருவரை மாட்டுத் திருடர்கள் கொன்றுவிட்டதாக வதந்தி பரவ, சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரியான ஷெரிஃப் ஊரில் இல்லாத வேளையில் ஒரு கும்பல் கிளம்பி, வழியில் அகப்பட்ட மூவரை விடியற்காலையில் தூக்கிலிடுகிறது. வேண்டாம் என்று தனியே வந்து நிற்பவர்கள் ஏழே பேர். திரும்பும் வழியில் எதிர்ப்படும் ஷெரிஃப், பண்ணைக்காரர் சாகவே இல்லை என்கிறார். நான் கேலி செய்த அந்த ஸ்டுடியோ மரங்கள்தான் அந்த இரவை மூச்சு முட்டச் செய்கின்றன. திறந்த வெளியில் எடுத்திருந்தால் பார்ப்பவனின் கண் வானத்துக்குத் தப்பிப் போயிருக்கும்.

இப்படத்தை அதன் ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். 1942 ஜனவரியில், அமெரிக்கா போரில் இறங்கி ஏழே வாரங்களில், மிஸௌரியின் சைக்ஸ்டன் நகரில் க்ளியோ ரைட் என்னும் கறுப்பரை ஒரு கும்பல் கொன்றது. நாகரிகத்தைக் காக்கவே போரிடுகிறோம் என்று ஒரு தேசம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதன் முற்றத்திலேயே தொங்கும் கயிற்றை இப்படம் காட்டியது. ஆனால் முழுத் துணிச்சல் இல்லை: சாகிற மூவரில் கறுப்பர் எவரும் இல்லை. தன் அண்ணன் இப்படித்தான் கொல்லப்பட்டான் என்று சொல்ல ஸ்பார்க்ஸ் என்ற கறுப்பர் ஒருவரைக் கும்பலோடு அனுப்பியதோடு ஹாலிவுட் நின்றுவிட்டது. கோழைத்தனம் என்று திட்டலாம், நானும் திட்டியிருக்கிறேன்.

ஆனால் படத்தின் நாயகனாக ஹென்றி ஃபோண்டா இருக்கிறார். 1919 செப்டம்பரில் அமெரிக்க நகரமான ஒமாஹாவில் வில் பிரவுன் என்ற கறுப்பரை ஒரு கும்பல் கொன்றதை, எதிரே இருந்த தந்தையின் அச்சகத்து மாடியிலிருந்து பார்த்தபோது அவருக்குப் பதினான்கு வயது. படத்தின் முடிவில், இறந்தவர்களில் ஒருவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை மதுக்கடையில் அவர் உரக்கப் படிக்கிறார். அருகில் நிற்கும் நண்பனின் தொப்பி விளிம்பு அவர் கண்களை மறைத்துவிடுகிறது. நமக்கு வாய் மட்டுமே தெரிகிறது. நட்சத்திர நடிகரின் கண்களை அவருடைய உச்சக் காட்சியில் மறைக்க அன்றைக்கு எத்தனை இயக்குநர்கள் துணிந்திருப்பார்கள்? அந்தக் கண்கள் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதை, ஒமாஹாவைப் பற்றிப் படித்த பிறகே நான் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

படம் 75 நிமிடங்கள்தான். உரிய வேகத்தில் பாருங்கள். உங்கள் அப்பா இதற்கு எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார் என்று நோட்டைப் பார்த்து எழுதுங்கள்.