ஒளியால் செயல்படும் மருந்து இரத்தக்குழாய் அடைப்பைக் கரைத்துவிடுமா?

முயல்களிடம் வெற்றி கண்ட இந்தச் சிகிச்சை வரும்வரை அப்பாவுக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழாய்) வைப்பதைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் பதில். நான் இதய மருத்துவன் அல்லன். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவன்.

இம்முறையில் மருந்து மட்டும் தனியாக ஒன்றும் செய்வதில்லை. இரத்தத்தில் ஏற்றிய மருந்து குழாய்ச்சுவரின் தடித்த பகுதியில் கூடுதலாகத் தங்கிய பிறகு, மெல்லிய ஒளியிழையை உள்ளே செலுத்திச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். லுடீசியம் என்ற உலோகம் கலந்த ஒரு மருந்துக்கு அது 732 நானோமீட்டர் ஒளி. ஒளி பட்ட மருந்து அங்குள்ள ஆக்சிஜனைக் கடும் வீரியமுள்ளதாக மாற்ற, அந்த ஆக்சிஜன் ஒரு செல்லின் அகலத்தைக்கூடக் கடக்குமுன் அடங்கிவிடுவதால், மருந்தும் ஒளியும் சேர்ந்த இடத்துச் செல்களே மடிகின்றன. நடுவில் இரத்தம் இருந்தால் ஒளியை அதுவே உறிஞ்சிவிடும் என்பதால், பலூனை ஊதி இரத்தத்தை விலக்கும் ஏற்பாடும் உண்டு.

ஆய்வுக்கூடத்தில் முயல், எலி, பன்றி ஆகியவற்றின் குழாயைப் பலூனால் வேண்டுமென்றே காயப்படுத்துவார்கள். காயம் ஆறும்போது தசைச் செல்கள் பெருகிக் குழாயை மறுபடி குறுக்கும். பல ஆய்வுகளில் ஒளிச் சிகிச்சை மட்டுப்படுத்தியது அந்தப் பெருக்கத்தைத்தான். கொழுப்புத் தீனி கொடுத்து வளர்த்த முயல்களில், படிவுக்குள் இருந்த அழற்சிச் செல்களும் குறைந்தன. ஆனால் சில வாரங்களில் உண்டாக்கிய முயலின் படிவு வேறு, பல்லாண்டுகளாகச் சுண்ணாம்பேறி இறுகிய மனிதரின் அடைப்பு வேறு. "கரைத்துவிடும்" என்ற சொல்லை நான் ஏற்காதது இதனால்தான்.

2000ஆம் ஆண்டையொட்டி மனிதர்களிடமும் சிறு சோதனைகள் நடந்தன. ஆனால் 2002, 2003ஆம் ஆண்டுகளில் மருந்து பூசிய ஸ்டென்டுகள் புழக்கத்துக்கு வந்து, விரித்த குழாய் மறுபடி குறுகும் சிக்கலை வெகுவாகக் குறைத்தன. ஒளிச் சிகிச்சை தோற்றது என்பதைவிட, ஸ்டென்ட் முந்திக்கொண்டது என்பேன்.

இன்னொன்றும் உண்டு. புற்றுநோய்க்குத் தரப்படும் இவ்வகைப் பழைய மருந்தான ஃபோட்டோஃப்ரின் ஏற்றியவர் குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். இல்லையேல் தோல் வெந்துவிடும். புதிய மருந்துகளில் இக்காலம் குறைவுதான். ஆயினும் விடிந்ததும் செம்பனைக் குலை வெட்டக் கிளம்பும் நம்மவர்களுக்கு அதுவும் சிறிய நிபந்தனை அன்று.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபின், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அதற்கு முன்பே, நடக்கும்போது மட்டும் வந்த நெஞ்சுவலி சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வந்தால், கிளினிக் திறக்கும்வரை பொறுக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.