சிஸ்டர்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் ஒன்பதாம் வகுப்பு. மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணவருக்குக் கட்டாரில் வேலை. இரவில் நானும் மாமியும் செபமாலை சொல்லும்போது மகன் ஃபோனோடு அறைக்குள் இருந்துவிடுகிறான். ஞாயிறு பூசைக்கும் இழுத்துக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது. போன கிழமை, "கடவுள் இருந்தால் மாமா ஏன் இன்னும் வரேல்லை?" என்று கேட்டான். என் தம்பி 2009இல் காணாமல் போனவன். "அப்பிடியெல்லாம் கதைக்கக்கூடாது" என்று மகனின் வாயை அடக்கிவிட்டேன். மகளுக்கு ஞாயிறு காலையில் ரியூசன். கணவரிடம் சொன்னால், "சமயம் படிப்பிக்கத்தானே பள்ளிக்கூடமும் சிஸ்டர்மாரும் இருக்கினம். 18 வயசானால் அவனே முடிவெடுக்கட்டும்" என்கிறார். நான் கட்டாயப்படுத்துவதா, விட்டுவிடுவதா?
ஒரு தாய், இளவாலை

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

நடுவில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போன மகனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பூசை, செபமாலை, ரியூசன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மகன் விசுவாசத்தை விட்டுப் போகிறான் என்று பயப்படாதீர்கள். கடவுளைப் பற்றி ஒன்றுமே யோசிக்காத பிள்ளை இப்படிக் கேட்காது. 13ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். "ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் அது தொடங்குகிறது. சிலுவையில் தொங்கியபோது இயேசு கத்திக் கேட்ட "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பதும் 22ஆம் திருப்பாடலின் முதல் வரிதான். இப்படிக் கேட்பவர்களை வேதாகமம் வாயடைக்கவில்லை. அவர்களுடைய கேள்வியைச் செபமாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே தேத்தண்ணி குடிக்கும் ஒரு நேரத்தில் மகனைப் பக்கத்தில் இருத்தி, "அண்டைக்கு நீ கேட்டதுக்கு அம்மாவிட்டைப் பதில் இல்லை. அதுதான் பேசினனான். நானும் கடவுளிட்டை அதைத்தான் கேக்கிறனான்" என்று சொல்லுங்கள். தம்பியைப் பற்றிக் கதையுங்கள். மகன் அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பான். என்ன பகிடி விடுவார், திருநாளுக்குச் சுருவம் தூக்கினாரா, பூசை நேரத்தில் கோயிலுக்கு வெளியே நின்று கதைத்துப் பேச்சு வாங்கினாரா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு இரவுச் செபத்தில் அவருடைய பெயரைச் சொல்லி வேண்டுங்கள். "காணாமல் போன எல்லாருக்காகவும்" என்று பொதுவாக முடித்துவிட வேண்டாம். உயிரோடு இருக்கிறவர்களுக்கான மன்றாட்டில் சேர்ப்பதா, இறந்தவர்களோடு சேர்ப்பதா என்று எத்தனையோ வீடுகளில் இன்னும் தத்தளிக்கிறார்கள். அந்த முடிவை எடுக்கச் சொல்லி உங்களை நெருக்க யாருக்கும் உரிமையில்லை. "அவன் எங்கே இருந்தாலும்" என்று சொன்னால் போதும். உங்கள் மகன் அந்தச் செபத்துக்கு அறையை விட்டு வெளியே வருவான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, கணவர் சொன்னதற்கு வருவோம். மகனுடைய ஞானஸ்நானத்தன்று, பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று சுவாமியார் உங்கள் இருவரையும்தான் கேட்டார். ஞானத்தாய் தகப்பனிடம், இந்தப் பெற்றோருக்கு உதவியாக நிற்பீர்களா என்று மட்டும்தான் கேட்டார். பாஸ்கா திரியிலிருந்து பற்றவைத்த மெழுகுதிரி உங்கள் குடும்பத்தின் கையில் வந்தது. அதை அணையாமல் காக்கும் பொறுப்பு உங்களுக்கு என்றும் சொல்லப்பட்டது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இதையே, பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்று எழுதி வைத்தது. அதே ஆண்டில், விசுவாசத்தை ஏற்கும்படி யாரையும் பலவந்தப்படுத்தக் கூடாது என்று சொன்னதும் அதே சங்கம்தான். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம்முடைய மண்ணின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. யோசவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் இங்கே வந்து சேர்ந்தது 1687இல். இடையில் ஏறத்தாழ முப்பது வருடம் பூசை இல்லை, நற்கருணை இல்லை, மறைக்கல்வி வகுப்பும் இல்லை. அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதை அடையாளம் கண்டுகொள்ளச் சனம் இருந்தது. உங்கள் அயலூரான சில்லாலை அவருக்கு இடம் கொடுத்தது. அவர் வரும்வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு யார் செபம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? தாயும் தகப்பனும் அம்மம்மாவும்தான். சிஸ்டர்மாரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பெரிய தொண்டு செய்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை. ஆனால் சமய பாடத்தில் ஏ எடுக்கிற பிள்ளைக்குத் துக்கம் வரும்போது செபிக்கத் தெரிய வேண்டுமே. அதை வீட்டில் பெரியவர்கள் செபிப்பதைப் பார்த்துத்தான் பழகும்.

18 வயதில் முடிவெடுக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவன்தான் எடுக்கப் போகிறான், நம்மால் தடுக்கவும் முடியாது. ஆனால் அதுவரை ஒன்றையும் காட்டாமல் விட்டால் எதைப் பார்த்து முடிவெடுப்பான்?

கட்டாயம் பற்றிக் கேட்டீர்கள். ஞாயிறு பூசைக்குக் குடும்பமாகப் போவது உங்கள் வீட்டு வழக்கமாக இருக்கட்டும். அதில் பேரம் வேண்டாம். ஆனால் சந்தியில் நின்று பேசுவதும், மச்சானோடு ஒப்பிடுவதும் வேண்டாம். பிள்ளைகள் மனந்தளர்ந்து போகும்படி எரிச்சலூட்டாதீர்கள் என்று கொலோசெயருக்குப் பவுலடியார் எழுதியது பெற்றோருக்குத்தான். இரவில் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் பிரார்த்தனையும் முடியும்வரை அவனை முழங்காலில் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு பத்து மணியை அவனே முன்னின்று சொல்லட்டும், பிறகு எழும்பிப் போகட்டும். மாமி முறைத்தால் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் ஃபோனும் அலமாரியில் இருக்கட்டும், அதை அவன் கவனிப்பான்.

மகளுடைய ரியூசனுக்கு, மற்றத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போய் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். பரீட்சை முடியும்வரை மாற்ற முடியாது என்றால் சனி மாலைப் பூசைக்குப் போகலாம், திருச்சபைச் சட்டப்படி அது ஞாயிறு கடனுக்குச் சரி. தவறுகிற மறைக்கல்விப் பாடத்தை நீங்களே வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

கணவர் தூரத்தில் இருந்தாலும் அவருடைய பங்கு குறையாது. பதின்ம வயதுப் பொடியனுக்குத் தகப்பன் சொல்வது வேறு மாதிரி ஏறும். தோகாவில் 2008இலிருந்து செபமாலை அன்னை கோயில் இருக்கிறது, அங்கே வெள்ளிக்கிழமைதான் சனம் பூசைக்குத் திரளும். அன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் மகனுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள். "பூசைக்குப் போனியோ?" என்று விசாரிக்க வேண்டாம். தான் அன்று யாருக்காக, என்னத்துக்காக வேண்டினார் என்று சொல்லட்டும். இதை நீங்கள் சொன்னால் தட்டிக்கழிப்பார் என்று நினைத்தால், இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.